உளநோய்க்குச் செவிகொடுத்த பேரறிஞர் கிரீந்திரசேகர போஸ்

விழாமலர்களிலே பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர், பெரும்பாலும் அருளாளரையும் அரசியற் தலைவரையும் புலவரையுமே தேர்ந்துகொள்வர். அது முறையே. ஆயினும், நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு எம்மைப் பணித்தபோது, எம் உள்ளம் வேறொருவரை நாடிற்று. அவர் நாடாண்டவர் அல்லர். மேடைகளில் முழங்கியவரும் அல்லர். துணி விரித்த சாய்மனைக் கதிரை ஒன்றின் அருகே அமர்ந்து, துன்புற்றோர் சொல்வனவற்றை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். இந்தியாவிலே உளநோய்ச் சிகிச்சையை ஓர் ஆராய்ச்சித் துறையாக நிலைநாட்டிய கலாநிதி கிரீந்திரசேகர போஸ் அவர்களே அப்பெரியார்.

யாம் வாழும் நாவுல, மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர். 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, கல்கத்தாவிற் பிறந்த துறவி ஒருவர் குதிரைவண்டியில் இவ்வீதிவழியே யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சில்லு உடைந்துபோக, அவரும் உடன்வந்தோரும் சில மணிநேரம் வழியிலே காத்திருந்தனர். சுவாமி விவேகானந்தரின் அப்பயணத்தை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவரின் கண்கள் விரியக் காண்கிறோம். விவேகானந்தர் இவ்வழி சென்ற அந்நாளில், கிரீந்திரசேகரர் பத்து வயது நிரம்பும் பருவத்துச் சிறுவர். அவர் நம் வீதிவழி வந்தவரல்லர். ஆயினும், அவர் தொடங்கிய பணி நம் வீட்டு வாயில்வரை வந்துள்ளது. இவரைத் தேர்ந்ததற்கு எமக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் சொல்வோம்.

இளமையும் கல்வியும்

போஸ் அவர்கள் 1887ஆம் ஆண்டு சனவரி 30ஆந் திகதி பீகார் நாட்டுத் தர்பங்காவிலே பிறந்தார். தந்தையார் சந்திரசேகர போஸ், தர்பங்கா மகாராசாவின் திவானாகப் பணிபுரிந்தவர். பிள்ளைகள் ஒன்பதின்மருள் இவரே கடைக்குட்டி. தமையனாருள் ஒருவரான இராசசேகர போஸ், 'பரசுராமர்' என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றவர், இரசாயன அறிஞர், 'சலந்திகா' என்னும் வங்க அகராதியின் ஆசிரியர். தம்பியின் வாழ்விலே இத்தமையனார் எத்துணைப் பெருந்துணையாக நின்றார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற கிரீந்திரசேகரர், பின்னர்க் கல்கத்தா வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1910ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே செப்படி வித்தையிலும், மனோவசியம் என வழங்கும் அறிதுயிற் கலையிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. வேடிக்கையாகத் தொடங்கிய அப்பழக்கமே அவர் வாழ்க்கையின் திசையை மாற்றிற்று. அறிதுயிலில் ஆழ்ந்த ஒருவர், விழித்திருக்கையில் தமக்கே தெரியாதிருந்தவற்றை வாய்திறந்து சொல்வதை அவர் கண்டார். அவ்வாறாயின், மனிதர் தம் உள்ளத்தைத் தாமே முழுதும் அறிந்தவரல்லர் என்பது பெறப்படும். இவ்வெண்ணம் இளம் வைத்தியரை விட்டு நீங்கவில்லை.

வைத்தியத் தொழிலை மேற்கொண்டபின், உடலிலே குறையொன்றும் காணப்படாதிருந்தும் நோயால் வருந்துவோர் பலரை அவர் சந்தித்தார். அக்காலத்து வைத்தியர் இத்தகையோரை நரம்புத்தளர்ச்சி என்று சொல்லி மருந்துநீர் கொடுத்தனுப்புவர். வீட்டாரோ பேய் பிடித்தது என்பர். அல்லது பாசாங்கு என்பர். போஸ் அவர்கள் அவர்களை இருக்கச் செய்து பேசவைத்தார். முதலில் அறிதுயிலைக் கையாண்டார். பின்னர் அதனைக் கைவிட்டு, நோயாளர் விழிப்போடு இருந்து மனத்தில் எழுவனவற்றை மறையாது சொல்லும் முறைக்கு வந்தார். வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்ட் என்பார் இதனையொத்த வழியிற் சென்று நூல்கள் எழுதியிருக்கிறார் என்பதை அறிந்து, ஆங்கில மொழிபெயர்ப்பிலே அவற்றைக் கற்றார். தாம் கண்ட சில உண்மைகளைப் பிறிதொரு நாட்டார் முன்னரே கண்டிருந்தமை அவருக்கு ஏமாற்றம் அளிக்கவில்லை. துணையொன்று கிடைத்ததாகவே மகிழ்ந்தார்.

வைத்தியர் மீண்டும் மாணவரானார்

அக்காலத்திலே இந்தியாவில் உளநூலைத் தனித்துறையாகக் கற்பிப்பார் இல்லை. துணைவேந்தர் சேர் அசுதோஷ் முகர்ஜியின் பெருமுயற்சியாற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே உளநூற்றுறை தொடங்கப்பட்டபோது, தொழிலில் நிலைபெற்றிருந்த வைத்தியராகிய போஸ் மீண்டும் மாணவர் வரிசையில் அமர்ந்தார். 1917இல் முதுமாணிப் பட்டத்தில் முதன்மையாகத் தேறி, அத்துறையிலேயே விரிவுரையாளரானார். 1921இல், மனத்தில் எழும் விருப்பங்கள் அமுக்கப்பட்டு மறைவதெப்படி என்பதைப் பொருளாகக் கொண்ட ஆய்வேட்டுக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளநூலில் வழங்கிய முதற் கலாநிதிப் பட்டம் அதுவே.

அந்நூலின் பிரதியொன்றை அவர் வியன்னாவுக்கு அனுப்பினார். கடல்கடந்த நாடொன்றிலே, தம்மைக் கண்டறியாத வைத்தியர் ஒருவர் தம் கொள்கையின் அடிப்படைகளை இத்துணைத் தெளிவாக ஆராய்ந்திருந்தமை பிராய்டுக்கு வியப்பளித்தது. அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருகாலும் நேரிற் சந்தித்ததில்லை. போஸ் அவர்கள் பிராய்டின் நிழற்படமொன்றை வேண்டினார். அது வருமுன்னரே, யதீந்திரகுமார சேன் என்னும் ஓவியரைக்கொண்டு, காணாத முகத்தைக் கற்பனையால் வரைவித்து அனுப்பினார். அப்படத்தைக் கண்ட பிராய்ட், தாம் அதில் ஓர் ஆங்கிலக் கனவானைப்போலத் தோன்றுவதாகத் தம் தோழியார் ஒருவருக்கு நகைச்சுவையோடு எழுதினார்.

பார்சிபாகான் ஒழுங்கை 14ஆம் இலக்க வீடு

1922ஆம் ஆண்டில், கல்கத்தாவின் பார்சிபாகான் ஒழுங்கையில் 14ஆம் இலக்கமுடைய தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்புச் சங்கத்தைப் போஸ் அவர்கள் நிறுவினார். தொடக்கத்தில் உறுப்பினர் 15 பேர். அவருட் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியரும் வைத்தியருமாவர். ராஞ்சி நகரில் ஐரோப்பியர்க்கான மனநோய் வைத்தியசாலையின் தலைவராக இருந்த பார்க்லி-ஹில் என்னும் ஆங்கிலேயரும் அவருள் ஒருவர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் என்ற வேற்றுமை வலிதாக நின்ற அந்நாளில், ஆங்கில அதிகாரி ஒருவர் வங்க வைத்தியர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தமை சிறிய செய்தியன்று. அதே ஆண்டிற் சர்வதேச உளப்பகுப்புச் சங்கம் இதனைத் தன் கிளையாக ஏற்றது. நிறுவிய நாள் தொட்டு மறைந்த நாள்வரை, 31 ஆண்டுகள், போஸ் அவர்களே இதன் தலைவராக விளங்கினார்.

அவ்வில்லத்திலே மாலைதோறும் 'உற்கேந்திர சமிதி' என்னும் நண்பர் கூட்டமும் கூடும். மையம் விலகியோர் கழகம் என்பது அப்பெயரின் பொருள். புலவரும் விஞ்ஞானிகளும் ஓவியரும் கூடித் தேநீரும் சதுரங்கமும் உரையாட்டுமாய்ப் பொழுது போக்குவர். உள்ளம் நிலைதிரிந்தோரைப் பகலெல்லாம் கண்டவர், மாலையிலே தம்மையும் தம் நண்பரையும் மையம் விலகியோர் என்று அழைத்துக்கொண்டது வெறும் நகையன்று என்று யாம் கருதுகிறோம். நோயுற்றார்க்கும் நோயற்றார்க்கும் இடையே மதிலொன்றும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

எதிர்விருப்பக் கொள்கை

போஸ் அவர்களின் ஆராய்ச்சியிற் தலையாயது எதிர்விருப்பக் கொள்கை. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு மாறான விருப்பமொன்று உடன் தோன்றும் என்றும், ஒன்று வெளியே தெரிய மற்றது உள்ளே மறைந்து நிற்கும் என்றும், மறைந்து நிற்பதன் முட்டுதலே நோயாக வெளிப்படும் என்றும் அவர் வகுத்தார். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வகுப்பிலே ஆசிரியரிடம் அடிவாங்கிய சிறுவன், வீடு சென்று தூண்களையெல்லாம் மாணவராகப் பாவித்துப் பிரம்பால் அடித்து விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். அடிபட்டவன் அடிப்பவனாக மாறிப்பார்த்து, அவ்வழியால் தன் நோவை ஆற்றிக்கொள்கிறான். அவ்வாறு மாறிப்பார்க்க இயலாதபடி உள்ளம் இறுகிப்போனவர்க்கே துன்பம் நிலைத்துவிடுகிறது.

ஆதலின், சிகிச்சையிலும் போஸ் அவர்கள் ஒரு புதுமுறையைக் கையாண்டார். நோயாளர் தம்மை ஒருமுறை செய்பவராகவும் மறுமுறை செய்யப்படுபவராகவும் கற்பனை செய்து பார்க்கச் செய்வார். சிறுவர் ஏறி விளையாடும் பலகை ஒருபால் உயர மறுபால் தாழ்வதுபோல, இரு விருப்பங்களும் மாறிமாறி மேலெழும். ஈற்றில் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்து சமன்படும். ஐரோப்பிய வைத்தியர் பெரும்பாலும் வாய்மூடிக் கேட்டிருக்க, இவரோ குருவொருவர் மாணாக்கனை வழிப்படுத்துவதுபோல இடையிடையே வழிகாட்டினார். இவர் மிகையாகக் கற்பிக்கிறார் என்ற குறையும் அதனாற் சொல்லப்பட்டது.

இக்கொள்கையைப் பிராய்ட் முழுதும் ஏற்றாரல்லர். அது விருப்பங்களின் புறவடிவைக் காட்டுகிறதேயன்றி அவற்றை இயக்கும் விசையைக் காட்டவில்லை என்று ஐயுற்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பிணைப்பு இந்திய நோயாளரிடத்தே ஐரோப்பியரிற் காண்பதுபோல இல்லை என்று போஸ் அவர்கள் எடுத்துக்காட்டினார். பிராய்ட் அதனைக் கருத்திற் கொண்டார். எனினும் தம் நிலையை விட்டு நீங்கவில்லை. போஸ் அவர்களும் தம் நிலையை விட்டு நீங்கவில்லை. ஆனாற் கடிதங்களில் மரியாதை குறையவில்லை, தொடர்பும் அறவில்லை. ஆசானாக மதித்தவரோடு மாறுபடவும் வேண்டும், மாறுபட்டபின்னும் மதிக்கவும் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று மாணவர்க்குக் கிடைப்பது அரிது.

1931இற் பிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்குச் சங்கத்தார் தந்தத்தாற் செய்த திருமால் திருவுருவமொன்றை அனுப்பினர். அனந்தன் படம் விரித்து நிழல்செய்ய வீற்றிருக்கும் அச்சிறு வடிவைப் பிராய்ட் தம் எழுதுமேசையில் வைத்தார். சில காலத்தின்பின் அதில் வெடிப்புகள் தோன்ற, கல்கத்தாவிற் பழகிய தெய்வத்துக்கு வியன்னாவின் காலநிலை ஒவ்வவில்லையோ என்று தம் நாட்குறிப்பில் வியந்துகொண்டார். 1938இல் நாசியர் கொடுமைக்குத் தப்பி அவர் இலண்டன் சென்றபோது அத்திருவுருவமும் உடன்சென்றது. அவர் வாழ்ந்த அவ்வில்லம் பின்னர் நூதனசாலையாயிற்று. திருமாலும் அங்கேயே வீற்றிருக்கிறார்.

நோயாளர்க்கு வாயில் திறந்தமை

கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், வறியவர்க்கு எட்டாதாயின் அதனாற் பயன் சிறிதே. அந்நாளிலே மனநோயுற்றோர் செல்லக்கூடிய இடம் ஊர்ப்புறத்தே மதில் சூழ்ந்த பெருங்காப்பகமே. அங்கே செல்வது சிறைசெல்வதை ஒத்திருந்தது. போஸ் அவர்கள் 1933ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, கல்கத்தாக் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையிலே மனநோயாளர்க்கென வெளிநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கினார். இந்தியாவிற் பொது வைத்தியசாலை ஒன்றில் அமைந்த முதன் மனநோய்ப் பிரிவு இதுவே. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து வாங்க வந்தோர் நுழைந்த அதே வாயிலால் மனம் நொந்தவரும் நுழையலாயினர். இம்மாற்றத்தின் அருமை, காப்பகத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சிய குடும்பத்தார்க்கு மட்டுமே நன்கு விளங்கும்.

அடுத்து, தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு ஓர் இல்லம் வேண்டியிருந்தது. தமையனார் இராசசேகரர் தில்ஜலா என்னுமிடத்திலே தம் நிலத்தையும் வீட்டையும் ஈந்தார். 1940ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், நோயாளர் மூவரோடு அவ்வில்லம் திறக்கப்பட்டது. அதற்குப் புத்தபிரான் பிறந்த வனத்தின் பெயரால் 'லும்பினி பார்க்' என்று பெயரிட்டனர். போஸ் அவர்களின் மாணவரான தருணசந்திர சின்கா அதனை வளர்ப்பதிற் பெரும்பங்கு கொண்டார். மூன்று படுக்கைகளோடு தொடங்கிய அவ்வில்லம் பின்னாளில் மேற்கு வங்க அரசின் மனநோய் வைத்தியசாலையாகப் பெருகிற்று. 1947இற் சங்கத்தின் ஆராய்ச்சி வெளியீடாகச் 'சமீக்ஷா' தோன்றியது. 1949இற் போஸ் அவர்கள் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். உளவளர்ச்சி குன்றிய சிறார்க்கான 'போதாயனம்' என்னும் பள்ளி அதே ஆண்டிற் சங்கத்தாரால் தொடங்கப்பட்டது.

தாய்மொழித் தொண்டு

போஸ் அவர்கள் தம் ஆராய்ச்சிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டாராயினும், தாய்மொழியை மறந்தாரல்லர். கனவுகளைப் பற்றி வங்கமொழியில் 'சுவப்ந' என்னும் நூலை 1928இல் எழுதினார். பகவத்கீதைக்கு உரை வரைந்தார். புராணங்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தார். பதஞ்சலியின் யோகசூத்திரத்திலும் ஆழ்ந்து பயின்றார். சிவப்பெறும்புகளும் கறுப்பெறும்புகளும் செய்யும் போரைப் பற்றிச் சிறுவர்க்கு 'லால் காலோ' என்னும் கதைநூலும் இயற்றினார். மேனாட்டு விஞ்ஞானத்தை ஏற்றவர், அதனைத் தம் மக்களின் மொழியில் எண்ணிப்பார்த்த பின்னரே தம்முடையதாகக் கொண்டார். தமிழாசிரியராகிய எமக்கு இது தனியொரு மகிழ்ச்சி தருவது.

1953ஆம் ஆண்டு சூன் 3ஆந் திகதி, தம் 66ஆவது வயதில் அவர் மறைந்தார். அவர் மறைந்தபின் உளநோய்ச் சிகிச்சை வேறு வழிகளிலும் பெருகிற்று. 1950களிலே புதிய மருந்துகள் வந்து, பேச்சால் மட்டும் ஆற்றவொண்ணாத கடும் பிணிகளையும் தணித்தன. எதிர்விருப்பக் கொள்கையை இன்று அப்படியே கையாள்வோர் சிலரே. எனினும், மனநோய் வெட்கத்துக்குரிய குற்றமன்று, நோயே என்பதும், நோயாளர் பேச்சில் பொருள் உண்டு என்பதும், பொது வைத்தியசாலையிலே அவர்க்கும் இடம் உண்டு என்பதும் அவர் வாழ்ந்துகாட்டிய உண்மைகள். அவை பழமை எய்தவில்லை.

எம் குறையும் எம் வேண்டுகோளும்

இனி, முன்னர்ச் சொன்ன காரணத்துக்கு வருகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், பயிற்றப்பட்ட ஆசிரியராய்ச் சான்றிதழ் பெற்று வேறொரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செய்யுளை ஓசை பிறழாது ஓதுபவன். ஆண்டின் நடுவிலே அவன் வாய் மூடிற்று. கேட்டால் மறுமொழி இல்லை, யன்னலையே நோக்கியிருப்பான். யாம் அதனை மடி என்றும் செருக்கு என்றும் கொண்டோம். ஒருநாள், இவனை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும் என்று வகுப்பார்முன் நகையாடினோம். அங்கொடையில் 1926இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2008இல் அதற்குத் தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரும் வந்தது. ஆயினும் அவ்வூர்ப்பெயர் நம்மிடையே வசைச்சொல்லாகவே வழங்கிவருகிறது. வகுப்பு முழுதும் சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. பின்னர் ஒருநாளும் வரவில்லை.

ஓராண்டு சென்றபின், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர்த் திருவிழாவில் அவன் தாயாரைக் கண்டோம். தந்தை இறந்த நாள்முதல் அவன் உறங்கவில்லையென்றும், இறந்தவரின் குரல் தன்னை அழைப்பதாகச் சொல்லி அஞ்சினானென்றும், மந்திரிப்பாரிடம் அலைந்தபின் வைத்தியசாலையிற் சேர்த்தோமென்றும், மருந்தாலும் அங்கிருந்தோரின் அன்பான பேச்சாலும் அவன் தேறித் தொழிலொன்று பழகுகிறான் என்றும் அவ்வம்மையார் சொன்னார். எம்மைக் குறைகூறவில்லை. தமிழ்ப் பாடத்தையே அவன் விரும்பிக் கற்றான் என்று சொல்லிப் பிரசாதத்தையும் எம் கையிற் கொடுத்துச் சென்றார். குறை கூறியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னரே உளநூல்களைத் தேடிப் படிக்கலானோம். போஸ் அவர்களின் வரலாற்றையும் அவ்வழியே அறிந்தோம். வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்று தனியதிகாரம் வகுத்ததை ஆண்டுதோறும் கற்பித்து வந்தோம். அறிஞர் சொல்வதை மாணவர் கேட்கவேண்டும் என்பதே அதன் பொருள் என்று விளக்கினோம். மாணவர் சொல்வதையும் சொல்லாததையும் ஆசிரியரும் கேட்கவேண்டும் என்பது எமக்குக் காலந்தாழ்ந்தே விளங்கிற்று.

ஆசிரியப் பெருமக்களே, திடீரென்று வாய்மூடிய மாணவன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருப்பானாயின், பிரம்பையும் நகையையும் ஒதுக்கிவிட்டு, அவனருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமருங்கள். வேண்டுமிடத்து அவனை வைத்தியரிடம் அனுப்ப நாணாதீர்கள். மாணவச் செல்வங்களே, ஓர் ஊரின் பெயரை வசையாக வழங்காதீர்கள். அவ்வூரில் நோய் தீர்ந்து வீடுதிரும்பியோர் நம்மிடையே வாழ்கின்றனர். பழைய மாணவர்களே, இராசசேகரர் தம்பிக்கு வீடு கொடுத்ததுபோல, கல்லூரியிலே மாணவர் மனம்விட்டுப் பேசுதற்கு ஓர் அறையை அமைத்துத் தாருங்கள். மூன்று படுக்கைகளோடு ஒரு வைத்தியசாலை தொடங்கக்கூடுமாயின், இரண்டு கதிரைகளோடு ஓர் அறை தொடங்குவது அரிதன்று.

விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் வகுப்பறைகளில் ஓதும் குரல்கள் ஓங்குக. ஓதாதிருக்கும் குரல்களும் கேட்கப்படுக.